காட்டின் வளத்தை எந்த எண்ணால் அளப்பது?



பினாங்குத் தீவில் ஒரு மலைச்சரிவையோ, சதுப்பு நிலத்தையோ, கடலோரத்தையோ மேம்படுத்தப் போகிறோம் என்று யாராவது புறப்பட்டால், பல வேளைகளில் முதலில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற அறிக்கை தயாராக வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பினாங்கு மக்களுக்கு இந்த அறிக்கைகள் புதிதல்ல. தீவின் தெற்கே கடலை நிரப்பும் திட்டத்தின் அறிக்கை 2019-இல் அங்கீகாரம் பெற்று, 2021-இல் மேல்முறையீட்டு வாரியத்தால் அது ரத்தாகி, 2023-இல் புதிய அறிக்கைக்கு நிபந்தனைகளோடு அங்கீகாரம் கிடைத்த கதையை நாம் செய்தியில் வாசித்தோம், நீங்களும் பார்த்தீர்கள்.

இத்தகைய அறிக்கைகளின் நடுவே, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள், ஒரு சின்ன எண் உட்கார்ந்திருக்கும். 'இவ்விடத்தின் பல்லுயிர்க் குறியீடு 2.9' என்பது போல. டாக்டர் ரத்த அழுத்தத்தைச் சொன்னதும் தலையாட்டுகிறோமே, அதே மாதிரி இதற்கும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். ரத்த அழுத்தத்தை எப்படி அளந்தாலும் அளக்கப்படுவது ஒன்றேதான். காட்டின் உயிர்வளத்தை அளக்கவோ பல முறைகள் உண்டு. ஒரு முறையில் இந்தக் காடு பெரியது. இன்னொரு முறையில் பக்கத்துப் பழத்தோட்டம் பெரியது. கணக்கில் பிழை எதுவும் இருக்காது. ஆனாலும் விடை மாறும்.

அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பயப்பட வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணக்கு போதும்.

ஒரு சொல்லை மட்டும் முன்கூட்டியே தெளிவுபடுத்தி விடுகிறேன். இந்தப் பேச்சில் 'இனம்' என்று வந்தால் அது உயிரினத்தின் வகை. நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாருடைய காதும் வேறு பக்கம் திரும்பி விடுகிறது. அரசியலை இன்னொரு நாள் பேசுவோம்!

மலாயாவின் பட்டாம்பூச்சிகள்

இந்தத் துறையின் மிகப் பழைய, மிகப் புகழ் பெற்ற கணக்குகளில் ஒன்று நம் மண்ணில் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோலாலம்பூர் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டீவன் கார்பெட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வேலை பார்த்தார். புலிக்கதை எழுதிய ஜிம் கார்பெட் வேறு, இவர் வேறு. நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் பால் வெட்டப் போன அதே காலத்தில், அதே ரப்பர் உலகத்தில் சம்பளம் வாங்கிய இந்த மனிதருக்குப் பட்டாம்பூச்சிகள் மீதுதான் உயிர். பெண்டல்பரி என்பவரோடு சேர்ந்து 1934-இல் கோலாலம்பூரில் அவர் வெளியிட்ட மலாயாத் தீபகற்பப் பட்டாம்பூச்சிகள் பற்றிய நூல், பல பதிப்புகள் கண்டு இன்றும் அடிப்படை நூலாக இருக்கிறது.

கார்பெட் வெறுமனே பிடித்து ஊசி குத்தி வைக்கவில்லை, எண்ணியும் வைத்தார். அவருடைய கணக்கில் 620 இனங்கள் இருந்தன. அவற்றில் 118 இனங்கள் ஒரே ஒரு முறைதான் வலையில் விழுந்தவை. 74 இனங்கள் இரண்டு முறை. 44 இனங்கள் மூன்று முறை. 24 இனங்கள் நான்கு முறை. இப்படியே போகிறது பட்டியல். 24 முறைக்கு மேல் அகப்பட்ட இனங்கள் 119. சில இனங்கள் எங்கும் பறக்கின்றன; மிகப் பல இனங்களோ அபூர்வத்திலும் அபூர்வமாய்த் தலைகாட்டி மறைகின்றன. நம் காடுகளின் குணமே இதுதான்.

இந்தப் பட்டியல் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் மேதையின் கைக்குப் போனது. ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் விளக்குப் பொறி வைத்து இரவுப் பூச்சிகளை எண்ணிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் மூன்றாமவர். மூவரும் சேர்ந்து 1943-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அபூர்வ இனங்களின் எண்ணிக்கை ஓர் ஒழுங்கோடு இறங்குகிறது, அந்த ஒழுங்கை ஒரே ஓர் எண்ணில் அடக்கலாம் என்று ஃபிஷர் காட்டினார். அதற்கு 'ஃபிஷரின் ஆல்ஃபா' என்று பெயர். மலாயாப் பட்டாம்பூச்சிகளுக்கு அது சுமார் 135. இன்றும் வெப்பமண்டலக் காடுகளில் மரம் எண்ணுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கார்பெட் செலவழித்த அதே அளவு காலம் இன்னொரு முறை வலை வீசினால், இதுவரை பார்க்காத புதிய இனங்கள் எத்தனை அகப்படும்? பார்க்காததை எப்படி எண்ணுவது? 1956-இல் குட், டூல்மின் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஒருமுறை அகப்பட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், இருமுறையைக் கழியுங்கள், மும்முறையைக் கூட்டுங்கள், நான்கு முறையைக் கழியுங்கள். 118 கழித்தல் 74, கூட்டல் 44, கழித்தல் 24... இப்படியே 24 வரை கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது 75. நானே தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. அதாவது இன்னும் 75 புதிய இனங்களை எதிர்பார்க்கலாம். கார்பெட்–பெண்டல்பரி நூலின் பிந்திய பதிப்பு தீபகற்பத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்களைச் சொல்கிறது. 620 என்பது முழுக் கணக்கு இல்லை என்று அந்த 118 அப்போதே சொல்லிவிட்டது.

இந்தக் குட் யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறிகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் முகாமில், ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்தவர். இதுவரை வராத ஒரு குறி அடுத்து வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது அங்கே உயிர்போகும் கேள்வி. இதுவரை காணாத பட்டாம்பூச்சி அடுத்து வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதும் அதே கேள்விதான்!

எண்ணினால் போதாதா?

'எதற்கு இந்தச் சுற்று? எத்தனை இனம் இருக்கிறது என்று எண்ணிவிட்டால் தீர்ந்தது' என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான எண்ணம். இன எண்ணிக்கை என்பதே முதல் அளவுகோல். எல்லாருக்கும் புரியக்கூடியதும் அதுதான். நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் 1980-களில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, விரல் தடிமன் உள்ள செடியிலிருந்து மேலே எல்லா மரங்களுக்கும் அடையாளம் போட்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். 800-க்கும் மேற்பட்ட இனங்கள். ஐரோப்பியர் ஒருவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். பிரிட்டன் முழுவதிலும் இயற்கையாக வளரும் மர இனங்கள் சில டஜன்கள்தாம்.

ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு. எண்ணிக்கை, உழைப்பைப் பொறுத்து ஏறும். ஒரு நாள் போனால் 30 பறவை இனம், ஒரு மாதம் போனால் 90. மழைக்காலத்தில் போனால் ஒன்று, வெயிலில் போனால் இன்னொன்று. ஆகவே 'இந்த மனையில் 40 இனங்கள்தாம், பக்கத்துக் காட்டில் 120' என்று ஓர் ஒப்பீடு வந்தால், இரண்டு இடத்திலும் எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை வலை என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது. அதிகமாகப் பிடித்த இடத்தின் கணக்கைக் குறைவாகப் பிடித்த இடத்தின் அளவுக்குச் சுருக்கி, சமமாக்கி ஒப்பிடும் முறை 1960-களிலிருந்தே இருக்கிறது. தெரிந்தவர்கள் அதைச் செய்கிறார்கள். அவசரத்தில் இருப்பவர்கள் செய்வதில்லை.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழமானது. எண்ணிக்கைக்கு நூறு மரமும் ஒன்று, ஒரே மரமும் ஒன்று. நான் இருக்கும் தொழிலிலிருந்து உதாரணம் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஐம்பது அலைவரிசை வரலாம். வீட்டில் எல்லாரும் பார்ப்பது மூன்றைத்தான் என்றால், உங்கள் வீட்டில் உண்மையாக ஓடும் அலைவரிசை எத்தனை? ஐம்பது என்பதும் சரி, மூன்று என்பதும் சரி. நேயர் கணக்கு எடுப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி.

பாலிக் புலாவில் ஒரு போட்டி

இதைக் காட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். இது நான் கட்டிய கற்பனைக் கணக்கு. பாலிக் புலாவில் ஒரு பழத்தோட்டம். அதற்கு மேலே ஒரு மலைச்சரிவு. இரண்டிலும் நூறு நூறு மரங்கள்.

தோட்டத்தில் ஐந்து இனங்கள்: டுரியான் 20, மங்குஸ்தீன் 20, ரம்புத்தான் 20, ஜாதிக்காய் 20, கிராம்பு 20. தோட்டக்காரர் பார்த்துப் பார்த்து நட்டது. மலைச்சரிவில் பத்து இனங்கள். ஆனால் ஒரே காட்டு மரம் 55. மற்ற ஒன்பது இனங்களும் தலா ஐந்து மரங்கள். எது வளமானது?

வெறும் எண்ணிக்கை சொல்கிறது: சரிவு 10, தோட்டம் 5. சரிவுக்கே வெற்றி.

இப்போது சிம்ப்சன் வருகிறார். எட்வர்ட் சிம்ப்சனும் பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்தான். 1949-இல் 'நேச்சர்' இதழில் மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் தம் அளவுகோலைத் தந்தார். அவர் முறை இப்படி: கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மரத்தைத் தொடுங்கள். பிறகு மறுபடியும் ஒன்றைத் தொடுங்கள், அதே மரமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே இனமாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? தோட்டத்தில் அது ஐந்தில் ஒன்று, அதாவது 0.20. சரிவில் அந்த 55 மரங்கள் கை வைத்த இடமெல்லாம் வந்து நிற்பதால், வாய்ப்பு 0.325. ஒரே இனம் திரும்பத் திரும்ப வரும் இடம் வளம் குறைந்தது என்பது சிம்ப்சனின் தர்க்கம். அப்படியானால் தோட்டத்துக்கே வெற்றி!

மூன்றாவது ஆள் கிளாட் ஷானன். தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பார்கள். முதல் பருவத்திலேயே கரும்பலகையில் வரைவார்களே, அனுப்புநர், அலைவழி, இரைச்சல், பெறுநர் என்று, அந்த ஷானன்தான். 1948-இல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒரு செய்தியில் அடுத்த எழுத்தை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்று அளக்க ஒரு சூத்திரம் எழுதினார். காட்டுக்கும் அந்தச் சூத்திரத்துக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை. பின்னால் வந்த சூழலியலாளர்கள், எழுத்துக்குப் பதில் மரத்தை வைத்து, 'அடுத்து வரும் மரத்தை ஊகிப்பது எவ்வளவு கடினம்' என்று கேட்டார்கள். கடினம் அதிகமானால் வளம் அதிகம். வானொலிக்கும் தந்திக்கும் பிறந்த கணக்கு இன்று மீனுக்கும் பறவைக்கும் போடப்படுகிறது. எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான். நம் போட்டியில் ஷானன் குறியீடு சரிவுக்கு 1.68, தோட்டத்துக்கு 1.61. ஒரு நூல் வித்தியாசத்தில் சரிவு ஜெயிக்கிறது.

ஆக, மூன்று நடுவர்கள். ஒருவர் சரிவுக்குப் பெரிய வெற்றி என்கிறார். ஒருவர் மயிரிழை வெற்றி என்கிறார். ஒருவர் தோட்டமே மேல் என்கிறார். மூவரில் யாரை அழைத்துத் தீர்ப்புச் சொல்ல வைப்பது என்பதை முடிவு செய்பவர் கையில் முடிவும் இருக்கிறது அல்லவா? சரிவை வெட்டிச் சமப்படுத்த விரும்புகிறவர் சிம்ப்சனை மட்டும் அழைத்தால், அவர் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

ஒலிப்பலகையின் திருகு

இந்தக் குழப்பத்துக்கு 1973-இல் ஒரு நல்ல வழி பிறந்தது. சொன்னவர் பெயர் மார்க் ஹில். மலையைப் பற்றிப் பேசும்போது பெயரும் மலையாகவே வாய்த்திருக்கிறது! மூன்று நடுவர்களும் உண்மையில் ஒரே குடும்பம் என்று அவர் காட்டினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிக்கலவைப் பலகை இருக்கும். திருகைத் திருப்பினால் சிலர் குரல் எழும், சிலர் குரல் அடங்கும். அதே மாதிரி ஒரு திருகை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தில் வைத்தால் அபூர்வ இனத்துக்கும் சாதாரண இனத்துக்கும் ஒரே குரல். அதுதான் வெறும் எண்ணிக்கை. ஒன்றில் வைத்தால் ஒவ்வோர் இனத்துக்கும் அதன் பங்குக்கு ஏற்ற குரல், அது ஷானன். இரண்டில் வைத்தால் கூட்டமாய் இருப்பவர்கள் குரல் ஓங்கி, அபூர்வமானவர்கள் குரல் அமுங்கும், அது சிம்ப்சன்.

ஹில் செய்த பெரிய உதவி, மூன்று விடைகளையும் ஒரே அலகுக்குக் கொண்டு வந்தது. 'சம அளவில் இருந்திருந்தால் எத்தனை இனத்துக்குச் சமம்' என்று மூன்றையும் சொல்லலாம். தோட்டத்தில் ஐந்தும் சம அளவு. எனவே திருகு எங்கே இருந்தாலும் 5, 5, 5. சரிவுக்கு 10, பிறகு 5.35, பிறகு 3.08. இப்படி மூன்று எண்களையும் வரிசையாகப் பார்த்தால் கதை முழுவதும் புரிந்துவிடுகிறது. சரிவில் இனங்கள் நிறைய, ஆனால் ஒன்று மேலோங்கி நிற்கிறது. தோட்டத்தில் இனங்கள் குறைவு, ஆனால் சீராக இருக்கின்றன. யாரும் யாரையும் ஏமாற்ற இடமில்லை.

இப்படி மாற்றாமல் பழைய குறியீட்டையே அச்சடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு காட்டில் 100 இனங்கள், எல்லாம் சம அளவு. ஒரு திட்டம் வருகிறது. 50 இனங்கள் அழிகின்றன. பாதிக் காடு போய்விட்டது. சிம்ப்சன் முறையில் பலர் எழுதுவது 'இரண்டும் வேறு வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு' என்ற எண். முன்பு அது 0.99. இப்போது 0.98. ஒரு சதவீத வீழ்ச்சி! 'பல்லுயிர் வளத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எழுதிவிடலாம். ஷானன் முறையில் 4.61 என்பது 3.91 ஆகும், 15 சதவீத வீழ்ச்சி. ஹில் சொன்னபடி மாற்றினால்தான் 100 என்பது 50 ஆனது தெரியும். லூ ஜோஸ்ட் என்ற ஆய்வாளர் 2006-இல் இதை எடுத்துக்காட்டி, இத்தனை காலம் இந்தக் குறியீடுகளை நேரடியாக ஒப்பிட்டு வந்தது தவறு என்று வாதிட்டார். அவர் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஷானன் குறியீட்டில் இன்னொரு சின்னக் கண்ணியும் உண்டு. மடக்கைக் கணக்கை எந்த அடிமானத்தில் போட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். மேலே சொன்ன அதே 100 இனக் காட்டுக்கு ஒருவர் 4.61 என்பார், இன்னொருவர் 6.64 என்பார், மூன்றாமவர் 2 என்பார். எல்லாம் ஒரே காடுதான்.

118 பட்டாம்பூச்சிகள் போனால்

இப்போது கார்பெட்டின் பட்டியலுக்கே திரும்புவோம். அதையே ஒரு காடாக நினைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு முறை அகப்பட்ட 118 இனங்களும் நாளை அழிந்துவிட்டன என்று வையுங்கள். 24 வரை அகப்பட்ட 501 இனங்களில் மொத்தம் 3,306 பூச்சிகள். மீதி 119 இனங்களில் தலைக்குக் குறைந்தது 25 என்று வைத்தால்கூட, எல்லாம் சேர்ந்து 6,281-க்குக் குறையாது.

அழிந்த இனங்கள் 620-இல் 118. அதாவது 19 சதவீதம். அழிந்த பூச்சிகளோ இரண்டு சதவீதம்கூட இல்லை. சிம்ப்சன் திருகில், ஹில் முறைப்படி மாற்றிய பிறகும், வீழ்ச்சி நான்கு சதவீதத்துக்கு உள்ளேதான். ஐந்தில் ஒரு பங்கு இனம் போனதை அந்தத் திருகு கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

இதற்காகச் சிம்ப்சனைத் திட்ட வேண்டாம். அவர் கேட்ட கேள்வி வேறு. ஒரு காட்டில் மகரந்தச் சேர்க்கையோ, நிழலோ, மண்ணைப் பிடித்து வைக்கும் வேலையோ யாரால் நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் கூட்டமாய் இருக்கும் இனங்களால். அந்த ஆய்வுக்கு இரண்டாம் திருகு சரி. அதோடு அது குறைந்த மாதிரியிலும் ஆடாமல் நிற்கும். ஒரு வாரம் எண்ணினாலும் ஒரு மாதம் எண்ணினாலும் பெரிதாக மாறாது. ஆனால் கேள்வி 'எதை இழக்கப் போகிறோம்' என்பதானால், இழக்கப்படுவது முதலில் அபூர்வமானவைதாம். அங்கே பூச்சியத் திருகு இல்லாமல் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

பெயர் தெரியாத கணக்கு

இதுவரை சொன்ன எல்லா அளவுகோலுக்கும் ஒரு பொதுவான குருட்டுத்தனம் உண்டு. அவற்றுக்கு யார் யார் என்று தெரியாது. காக்கை வந்தாலும் ஓர் இனம், இருவாட்சி வந்தாலும் ஓர் இனம். நம் ஊர்க் காக்கை இந்த மண்ணுடையதே அல்ல. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்தார்கள். நம் முன்னோரைப் போலவே கப்பலேறி, தோட்ட வேலைக்கு வந்த கூட்டம்! காட்டை வெட்டிய இடத்தில் காக்கையும் மைனாவும் புறாவும் குடியேறினால், சில வேளைகளில் இன எண்ணிக்கை கூடக்கூடும். எண் உயரும், காட்டுப் பறவை போயிருக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் இது தெளிவாகத் தெரியும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மூலக்காட்டில் இருந்த இனங்களில் சராசரியாக 15 சதவீதம் மட்டுமே செம்பனையிலும் காணப்பட்டன என்கிறது. செம்பனையில் மொத்தம் எத்தனை இனம் என்று மட்டும் கேட்டால் இந்த 15 கண்ணில் படாது. இரண்டு இடத்திலும் பொதுவானவை எத்தனை என்று கேட்க வேண்டும். கொடிமலைக் காடு, பாலிக் புலாவ் சதுப்பு நிலம், தெலுக் பஹாங் கடலோரம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணினால் ஒவ்வொன்றும் சுமாராகத் தெரியலாம். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை என்பதுதான் இந்தத் தீவின் செல்வம். 2021-இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது, 12,481 ஹெக்டர் பரப்பில் மலையும் காடும் கடலும் சேர்ந்தே அதில் அடங்கின.

இன்னும் ஒன்று. கொடிமலையில் இரவில் மரம் விட்டு மரம் சறுக்கும் கொலுகோவைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பறக்கும் லெமூர் என்பார்கள். அது பறப்பதும் இல்லை, லெமூரும் இல்லை. அதன் வரிசையில் உலகம் முழுவதிலுமே இரண்டு இனங்கள்தாம் பொதுவாகக் கணக்கில் உள்ளன. ஒன்று நம்முடையது, மற்றது பிலிப்பைன்ஸில். ஒரு எலி இனம் போவதும் கொலுகோ போவதும் எண்ணிக்கையில் ஒன்றேதான். பரிணாமக் கிளையில் பார்த்தால், எலிக்கு நூற்றுக்கணக்கான உறவினர் உண்டு. கொலுகோவுக்கு ஆள் இல்லை. இந்த உறவுத் தூரத்தையும் கணக்கில் சேர்க்கும் அளவுகோல் ஒன்றை 1982-இல் தந்தவர் இந்தியப் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ். கேம்பிரிட்ஜில் அதே ஃபிஷரிடம் ஆய்வு செய்தவர். 2023-இல் 102 வயதில் மறைந்தார். இரண்டு உயிர்களைத் தொட்டால் ஒரே இனமா என்று சிம்ப்சன் கேட்டார். வேறு இனமானால் எவ்வளவு வேறு என்று ராவ் சேர்த்துக் கேட்டார். 1992-இல் டேனியல் ஃபெய்த் பரிணாம மரத்தின் கிளை நீளங்களையே கூட்டிப் பார்க்கும் வழியைச் சொன்னார்.

'அப்படியானால் எதைத்தான் தேர்ந்தெடுப்பது?' என்று அரங்கத்தில் இந்தத் தலைப்பைப் பேசும்போது கட்டாயம் கேள்வி வரும். ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் கிடையாது. கேள்வியை முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அளவுகோலை எடுக்க வேண்டும். எண்ணி முடித்து, விடையைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேடக் கூடாது. ஒரு திட்டத்தால் என்ன போகும் என்பது கேள்வியானால், பூச்சியம், ஒன்று, இரண்டு ஆகிய மூன்று திருகையும் ஒன்றாக வைத்து, யார் யார் என்ற பெயர்ப் பட்டியலையும் சேர்த்து வைப்பதுதான் நேர்மை.

2015-ஆம் ஆண்டு ஆணைப்படி இரண்டாம் அட்டவணையில் வரும் பெரிய திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், குறியீட்டு எண் இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் பின்னிணைப்புக்குப் போங்கள். அங்கே இனப் பட்டியல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை முறை பார்த்தார்கள் என்ற எண் இருக்க வேண்டும். எத்தனை நாள், எந்த மாதம், இரவா பகலா என்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால், உங்கள் கருத்துக் கடிதத்தின் முதல் வரி அதைக் கேட்பதாக இருக்கட்டும். இருந்தால், ஒரே ஒரு முறை பார்க்கப்பட்டவை எத்தனை என்று விரலை வைத்து எண்ணுங்கள். நாற்பது இனங்களில் இருபது அப்படி என்றால், அவர்கள் பார்க்காமல் விட்டவை இன்னும் நிறைய அந்த இடத்தில் இருக்கின்றன.